ஆற்று வெள்ளமும் ஆட்டச் சீட்டும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கும்மிடிப்பூண்டி. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் உருக்கு ஆலைகளும் சிப்காட் தொழிற்பேட்டையும் சரக்கு லாரிகளின் வரிசையும்தாம் நினைவுக்கு வரும். 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இதே வழியாக ஒரு படை தெற்கு நோக்கி நடந்தது. குண்டூரிலிருந்து வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அது. எண்ணிக்கை ஏறத்தாழ 2,800 பேர். அதன் தலைவர் கர்னல் வில்லியம் பெய்லி.

கும்மிடிப்பூண்டியைக் கடந்து கொசத்தலை ஆற்றின் வடகரையை அடைந்த அந்தப் படை, அங்கேயே கூடாரம் அடித்தது. ஆற்றில் அப்போது நீர் மிகக் குறைவு, நடந்தே கடந்துவிடலாம். ஆயினும், பொழுது விடிந்தபின் கடக்கலாம் என்று பெய்லி எண்ணினார். அன்றிரவு ஆற்றில் வெள்ளம் புரண்டது. தென்கரையை அடைய அவருக்கு ஏறக்குறைய பத்து நாட்கள் பிடித்தன. அந்தப் பத்து நாட்களின் விலை என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்நிகழ்ச்சியை ஒரு பலகை விளையாட்டில் எவ்வாறு அமைப்பது? போர் விளையாட்டுகளில் 'நிகழ்ச்சிச் சீட்டு' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார். மழை, நோய், தாமதம், வெடிவிபத்து என ஏதேனும் ஒன்று அதில் எழுதப்பட்டிருக்கும். அதன்படி ஆட்டம் திரும்பும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சீட்டை எழுத உட்கார்ந்தால், வரலாற்றின் ஓர் அடிப்படைக் கேள்வி நம் எதிரே வந்து நிற்கும். நடந்தவற்றில் எது தற்செயல்? எது மனிதன் செய்த முடிவு?

புலியும் பாம்பும்

நம் ஊர்த் திண்ணைகளில் ஆடப்படும் விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். ஆடுபுலி ஆட்டத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. காய்கள் யாவும் இருவர் கண்ணுக்கும் தெரியும். தோற்றவன் தன் அறிவைத்தான் நொந்துகொள்ள வேண்டும். பரமபதம் இதற்கு நேர்மாறானது. தாயக்கட்டை சொன்னபடி ஏணியில் ஏறுகிறோம். பாம்பின் வாயில் விழுகிறோம். அங்கே அறிவுக்கு வேலையில்லை. தாயம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. கட்டை தரும் எண் நம் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

போர் இவற்றுள் எதைப் போன்றது? சதுரங்கத்தைப் போன்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கொசத்தலையில் வெள்ளம் வந்த அதே 1780-இல், ஜெர்மனியின் பிரன்சுவிக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரிவாக்கி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதன் பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம், சதுப்பு நிலத்துக்கு ஒரு நிறம். நிலம் பலகையில் ஏறிவிட்டது. ஆனால் மழை ஏறவில்லை. ஹெல்விக்கின் ஆற்றில் நீர் ஒரே அளவாக நின்றது.

1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய விளையாட்டைத் திருத்தி அமைத்தார். கட்டங்களுக்குப் பதில் 8,000-க்கு 1 என்ற அளவிலான உண்மையான நிலப்படம் வந்தது. தாக்குதலின் விளைவைப் பகடை முடிவு செய்தது. நடுவர் ஒருவர் இரு தரப்புக்கும் இடையே அமர்ந்து, தூதன் குதிரையில் சென்றுசேரும் நேரத்தைக் கணக்கிட்டே கட்டளைகளைத் தாமதமாக அறிவித்தார். 1832-இல் வெளியான கிளாஸ்விட்ஸின் போரியல் நூல், மனிதச் செயல்களுள் போர் சீட்டாட்டத்தையே பெரிதும் ஒத்தது என்று கூறியது. அந்த ஒப்புமையை ஏறத்தாழ அப்படியே கையாண்ட விளையாட்டு 1993-இல் வந்தது. அமெரிக்க விடுதலைப் போரைப் பொருளாகக் கொண்டு மார்க் ஹெர்மன் அமைத்த விளையாட்டில், ஆட்டத்தையே சீட்டுகள் நடத்தின. கொசத்தலைக் கரையில் பெய்லி நின்றதும் ஒருவகையில் அந்த உலகப் போரின் ஒரு மூலைதான். பிரெஞ்சுக்காரர் அமெரிக்கருக்குத் துணை நின்றதால் அவர்களுடைய மாஹே துறைமுகத்தை ஆங்கிலேயர் 1779-இல் கைப்பற்றினர்; அது ஐதர் அலியின் சினத்தைக் கிளறியது.

பதினேழு நாட்கள்

1780 ஜூலையில் ஐதர் அலி சங்கமக் கணவாய் வழியாகக் கருநாடகத்தில் இறங்கினார். அவருடைய படையை 80,000 முதல் 90,000 வரை மதிப்பிட்டனர் அக்காலத்தவர். ஆகஸ்டில் ஆர்க்காடு முற்றுகையிடப்பட்டது. அதை விடுவிக்கச் சென்னைப் படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ புறப்பட்டார். இவர் 1764-இல் பக்சார் போரில் வென்றவர்; பிற்காலத்தில் சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ வேறு. சென்னைக்கு அருகிலேயே இரு படைகளும் கூடட்டும் என்று சிலர் கூறியும் அவர் கேட்கவில்லை. பெய்லி காஞ்சிபுரத்துக்கு வந்து சேரவேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, ஆகஸ்டு 29-இல் தாம் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஐதரோ ஆர்க்காட்டை விட்டு எழுந்து காஞ்சிபுரத்தை நெருங்கினார். பெய்லியை வழிமறிக்கத் தம் மகன் திப்புவை அனுப்பினார். வெள்ளம் தந்த கால அவகாசம் திப்புவுக்குப் பயன்பட்டது. செப்டம்பர் 6-இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் இரு படைகளும் மோதின. யாருக்கும் வெற்றியில்லை. பெய்லி உதவி கேட்டு மன்றோவுக்கு எழுதினார். திப்புவும் தம் தந்தையிடம் கூடுதல் படை கேட்டார். காஞ்சிபுரம் அங்கிருந்து 14 மைல்தான். எனினும் மன்றோ நகரவில்லை. அவருடைய அரிசியும் கனத்த பீரங்கிகளும் காஞ்சிக் கோயிலில் இருந்தன. அவற்றை விட்டுப் போனால் பகைவன் கொள்வான். கொண்டு போகவோ வசதியில்லை. ஆகவே கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் அனுப்பினார். வழிகாட்டிகள் ஐதரிடம் கூலி வாங்கியவர்கள் என்று ஐயுற்ற பிளெட்சர், அவர்கள் காட்டிய வழியை விட்டுச் சுற்றுவழியாகச் சென்று, செப்டம்பர் 9-இல் பெய்லியைச் சேர்ந்தார்.

அன்றிரவே படை காஞ்சியை நோக்கிப் புறப்பட்டது. சில மைல் சென்றதும், விடியும்வரை தங்குவோம் என்று பெய்லி நிறுத்திவிட்டார். விடிந்தபோது புள்ளலூர் அருகே திப்புவின் படையும், மன்றோ அறியாமல் இரவிலேயே நகர்ந்து வந்த ஐதரின் பெரும்படையும் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. பீரங்கிகள் முழங்கின, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. நடுப்போரில் கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டதாலா, பீரங்கிக் குண்டு பட்டதாலா என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை. பிளெட்சர் மாண்டார், பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டினத்தில் 1782-இல் இறந்தார். துப்பாக்கி ஓசையைக் கேட்டுப் புறப்பட்ட மன்றோ காலம் கடந்தே வந்தார். பிறகு கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

சீட்டுக்கு மூன்று கேள்விகள்

இனி நம் சீட்டுகளை எழுதுவோம். ஒவ்வொரு சீட்டிடமும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். எந்த நிலையில் இருப்பவனை இது தாக்கும்? எத்தனை முறைக்கு ஒரு முறை வரும்? வந்தால் எவ்வளவு கெடுக்கும்?

முதல் சீட்டு, வெள்ளம். கொசத்தலையின் துணையாறுகள் நகரி மலைப்பக்கத்திலிருந்து வருபவை. ஆகஸ்டு மாதத்து மாலையில் அம்மலைகளில் இடிமழை பெய்தால், கீழே ஒரு துளி விழாத இடத்திலும் இரவில் வெள்ளம் வரும். எனவே சீட்டில் இப்படி எழுதலாம்: 'மலையில் மழை. இன்றிரவு ஆற்றைக் கடக்காமல் கரையில் தங்கிய படை கடக்க முடியாது. நாள்தோறும் பகடை உருட்டுக; ஆறு விழுந்தால் நீர் வடிந்தது.' இவ்விதியின்படி சராசரியாக ஆறு நாள் காத்திருக்க நேரும். ஒன்பது முறை உருட்டியும் ஆறு விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 19. பெய்லியின் பத்து நாள் அரிதுதான். ஆனால் அதிசயம் அன்று.

இரண்டாம் சீட்டு, திரிந்த வழிகாட்டி. ஒரே தரப்பின் இரு படைகள் ஒரு நாள் நடைக்கு அப்பால் பிரிந்திருந்தால் மட்டுமே இது செல்லும். அவர்களின் வழி பகைவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஆட்டக்காரர் விரும்பினால் இரண்டு கட்டம் கூடுதலாகச் சுற்றிச் சென்று இச்சீட்டை வீணாக்கலாம். பிளெட்சர் செய்தது அதுதான்.

மூன்றாம் சீட்டு, மருந்து வண்டி. பீரங்கிச் சூட்டின் கீழ் ஒரே கட்டத்தில் இரண்டு சுற்று நின்ற படைக்கே இது பொருந்தும். நகர்ந்துகொண்டிருக்கும் படையைத் தொடாது.

பெய்லி இரவில் வழியில் தங்கியதையும் சீட்டாக்கலாமா? பலரும் இங்கேதான் தவறுவர். 'தளபதி தயங்கினார், ஒரு சுற்று இழப்பு' என்று எழுதினால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது பொய். தயக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதை ஆட்டக்காரரிடமே விடவேண்டும். இருட்டில் நடந்தால் வழி தவறலாம், தங்கினால் சூழப்படலாம். இரண்டையும் எடைபோட்டு அவரே தேர்ந்தெடுக்கட்டும். மன்றோவின் அரிசியும் அவ்வாறே. அது தற்செயல் அன்று, கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மூட்டைச் சின்னம் பலகையிலிருந்து குறைந்தால் போதும், சீட்டு வேண்டாம்.

கலைப்பதில் உள்ள கணக்கு

கட்டில் 24 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் வெள்ளம் ஒன்றே என்று கொள்வோம். ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 10 வரை 17 நாட்கள், 17 சுற்றுகள். எடுத்த சீட்டைத் திரும்பச் சேர்க்காமல் ஆடினால் வெள்ளம் வரும் வாய்ப்பு 24-க்கு 17, அதாவது நூற்றுக்கு 71. ஒவ்வொரு நாளும் சீட்டைத் திரும்பச் சேர்த்துக் கலைத்தால், அதே வாய்ப்பு நூற்றுக்கு 51 அல்லது 52-ஆகக் குறைந்துவிடும். கட்டும் அதே, சீட்டும் அதே, கலைக்கும் முறையால் மட்டும் இத்தனை வேறுபாடு!

காரணம் எளிது. கலைக்காத கட்டுக்கு நினைவு உண்டு. வராத சீட்டு வரவர நெருங்கும்; வந்துபோன சீட்டு இனி வராது. கெட்டிக்கார ஆட்டக்காரர் எண்ணிக்கொண்டே வந்து, வெள்ளச் சீட்டு போன மறுநாள் கவலையின்றி ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பார். உண்மையான வானம் சீட்டை எண்ணுவதில்லை. ஆகவே வெள்ளம் போன்ற இயற்கை நிகழ்ச்சிக்குத் தினமும் கலைப்பதே பொருத்தம். மாறாக, ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்க வழியில்லாத நிகழ்ச்சிகளுக்குக் கலைக்காத கட்டு ஏற்றது.

வெள்ளச் சீட்டு வந்தால் மட்டும் போதாது. அன்று படை ஆற்றங்கரையில் தங்கியிருக்கவும் வேண்டும். ஆகவே பெய்லியின் இடர் இரண்டின் பெருக்கம். ஒன்று வானத்தினுடையது; மற்றொன்று அவருடையது. மாலையிலேயே ஆற்றைக் கடந்தவனுக்கு அச்சீட்டு வெறும் காகிதம்.

இவ்வாறு அமைத்த விளையாட்டில் பெய்லி சில முறை தப்புவார். சில முறை வீழ்வார். ஒவ்வொரு முறையும் வரலாற்றில் நடந்தபடியே முடியுமானால், அது நாடகம்; விளையாட்டு ஆகாது. ஒருமுறைகூட அவ்வாறு முடியவில்லையானால், நம் சீட்டுகளில் எங்கோ பிழை இருக்கிறது. பலமுறை ஆடிக் குறித்துவைத்து, எண்களைத் திருத்துவதே சரியான வழி.

எழுதாமல் விடும் சீட்டு

இப்போரின் வெற்றியைச் சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வண்ண ஓவியமாகத் தீட்டிவைத்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சர் அயர் கூட் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்து, அதே புள்ளலூரில் மீண்டும் ஐதருடன் பொருதார். அதில் இறந்த இரு ஆங்கில அதிகாரிகளுக்கு அவ்வூரில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பெய்லியின் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குத் தூண் இல்லை.

ஊர்களுக்கோ ஓவியமும் இல்லை, தூணும் இல்லை. கம்பெனிக்குத் தீனியும் தானியமும் கிடைக்கக்கூடாது என்று ஐதரின் குதிரைப்படை சிற்றூர்களை எரித்தது. கம்பெனிப் படையும் கண்ட இடத்தில் தானியத்தை எடுத்தது. 1782-இல் சென்னையைச் சுற்றிப் பெரும் பஞ்சம் வந்தது. ஆகவே கட்டில் இன்னொரு சீட்டு வேண்டும்: 'ஊர் எரிந்தது. இக்கட்டத்தில் ஆட்டம் முடியும்வரை எந்தப் படைக்கும் தானியம் இல்லை.' இதற்கு நிபந்தனை, ஏதேனும் ஒரு படை அந்தக் கட்டத்தை மிதித்திருப்பது. சில சுற்றுகளில் பலகையின் பாதி வெறுமையாகிவிடும். வெல்பவனும் பட்டினியாகத்தான் வெல்வான்.

அட்டையும் கத்தரிக்கோலும் ஒரு மாவட்டப் படமும் இருந்தால் மாணவர்கள் இதை ஒரு விடுமுறையில் செய்துவிடலாம். ஒவ்வொரு சீட்டையும் எழுதும்போது, 'இது விதியா, வினையா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கொசத்தலையில் வந்த வெள்ளம் விதி. அதற்கு முந்திய மாலையில் வடகரையில் அடித்த கூடாரம் வினை.