பேட்டரியிலிருந்து பிளக் வரை: ஒரு பொறியின் பயணம்

பல மாதம் ஷெட்டில் நின்ற பழைய அம்பாசடர். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் பொறி இல்லை. உடனே புதுக் காயில் வாங்கக் கிளம்புபவர்கள்தான் அதிகம். பொறி வரும் வழியை வரிசையாகப் பின்தொடர்ந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

பயணம் 12 வோல்ட்டில் தொடங்குகிறது. பேட்டரியில் கிளம்பும் கரண்ட், சாவி சுவிட்சைத் தாண்டிக் காயிலுக்கு வருகிறது. அங்கே தடித்த கம்பிச் சுருளில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் திறந்து ஓட்டத்தை வெட்டும்போது புலம் சரிகிறது. பல்லாயிரம் சுற்றுள்ள மெல்லிய சுருளில் 15,000 வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. ஓட்டம் அறுபடும் அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்கு அமைத்துக் கொடுத்த ஏற்பாடு இது.

ஆகவே சந்தேகம் முதலில் பாயின்ட் மேல் விழட்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்து செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பாயின்ட் வழியே கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை. நின்ற காரில் பாயின்ட் முகத்தில் படியும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமே அதற்குப் போதும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜில் 0.015 அங்குல இடைவெளி வையுங்கள். அடித்தட்டை எர்த் செய்யும் சின்ன ஒயரையும் இழுத்துப் பாருங்கள். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். லாம்ப் எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயின்ட் ஸ்பிரிங்கைப் பிரித்து வைக்கும் இன்சுலேஷன் வாஷர் இடம் மாறி எர்த் ஆகிறது. பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சர் ஷார்ட் ஆனாலும் இதே கதைதான்.

லாம்ப் சரியாக விட்டுவிட்டு எரிந்தால், காயிலின் தடித்த நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பாடிக்கு 6 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள். நீலப் பொறி பாய்ந்தால் காயில் நலம். குறை அதற்கு அப்பால். மூடிக்குள் நடுவில் இருக்கும் கார்பன் முனை தேய்ந்திருக்கலாம், ஈரம் கோத்திருக்கலாம், மயிரிழை விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியலாம். மூடிக்குள் சுழலும் ரோட்டார் வெடித்திருந்தாலும் பொறி வழியிலேயே எர்த்துக்கு இறங்கிவிடும். இதெல்லாம் தாண்டினால் 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளைச் சேர்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இந்தப் பயணம் நொடிக்கு 100 முறை நடக்கிறது. அத்தனையும் மயிரிழை இடைவெளி ஒன்றை நம்பி நடப்பதால், பழைய கார் வைத்திருப்பவரின் டூல் பெட்டியில் காயிலுக்கு முன்னால் ஃபீலர் கேஜும் டெஸ்ட் லாம்ப்பும் இடம்பிடிக்க வேண்டும்.