காவல் நாய்ப் பரீக்ஷையின் வரலாறு

வீட்டைக் காக்கும் நாய் மூர்க்கமாயிருத்தல் வேண்டுமென்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். குட்டியைச் சங்கிலியிற் கட்டி, அயலார் முகம் காட்டாது, அடித்தும் சீண்டியும் வளர்த்தால் நல்ல காவல் அமையுமென்று அன்னார் நம்புகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை, ஜெர்மனி தேசத்திலே தோன்றிய காவல் நாய்ப் பரீக்ஷையின் சரித்திரம் நன்கு விளக்கும். பிள்ளைகளும் நாயும் ஒரே முற்றத்தில் வளரும் குடும்பங்களுக்கு அது பயன்படுமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

நம் நகரங்களில் அல்சேஷியன் என வழங்கும் நாயின் உண்மைப் பெயர் ஜெர்மன் மேய்ப்பு நாய் என்பதாம். முதல் உலக யுத்தத்தினால் ஜெர்மனி என்னும் பெயரே இங்கிலாந்தில் வெறுக்கப்பட்டமையால், 1919-ம் வருஷத்தில் ஆங்கில நாய்ச் சங்கத்தார் அதற்கு அல்சேஸ் பிரதேசத்தின் பெயரைச் சூட்டினர். 1977-ல் அச்சங்கத்தார் பழைய பெயரை மீட்டளித்தனராயினும், நம் ஊர்களில் அவ்வழக்கு இன்னும் மறையவில்லை.

அந்நாயினத்திற்கு ஓர் ஒழுங்கை வகுத்தவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெபானிட்ஸ் என்பவர். இவர் 1864-ம் வருஷம் பிறந்தவர். குதிரைப் படையில் தலைவராயிருந்தவர். 1899-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கார்ல்ஸ்ரூஹே நகரத்து நாய்க் கண்காட்சியில், ஹெக்டர் என்னும் நான்கு வயது மேய்ப்பு நாயைக் கண்டு விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் என்று புதுப்பெயரும் இட்டார். அம்மாதம் 22-ந் தேதியே ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் இலக்கம் பெற்றது ஹோராண்டே.

அழகைக் கண்டு பரிசளிக்கும் கண்காட்சிகள் அக்காலத்தில் மலிந்திருந்தன. அவர் கொண்ட கொள்கையோ வேறு. மேய்ப்பு நாய்க்கு உழைப்பே அழகு. தொழிலுக்கு உதவாத உருவம் எத்துணை வனப்புடைத்தாயினும் வீணே என்பது அவர் துணிபு. நல்ல தாய் தந்தைக்குப் பிறந்தது என்னும் பத்திரம் மாத்திரம் போதாது. பிறந்தது தன் குணத்தைச் செய்கையாற் காட்டல் வேண்டும் என்றார். ஆதலின் மந்தை மேய்க்கும் பரீக்ஷைகள் ஏற்பட்டன.

ஆனால் தொழிற்சாலைகள் பெருக, மந்தைகள் குறைந்தன. நாய்க்கு வேறு வேலை தேடவேண்டியதாயிற்று. பெல்ஜியம் தேசத்துக் கெண்ட் நகரப் போலீஸார் 1899-லேயே இராக்காவலுக்கு நாய்களைப் பழக்கத் தொடங்கினர். ஹாலந்து தேசத்தில் போலீஸ் நாய்களுக்கென்றே 1907-ல் ஒரு சங்கம் தோன்றியது. ஜெர்மனியிலும் போலீஸ் வேலைக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுக்கும் பரீக்ஷை உருவாயிற்று. அதற்குச் சுட்ஸ்ஹுண்ட் என்று பெயர். காவல் நாய் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அது பல தேசங்களிலும் விளையாட்டாகப் பரவிற்று. 2019 முதல் சர்வதேச விதிகளில் ஐ.ஜி.பி. என்று வழங்கப்படுகிறது.

இப்பரீக்ஷை மூன்று பகுதிகளையுடையது. முதலாவது, மனிதன் நடந்துசென்ற தடத்தை மோப்பத்தால் தொடர்தல், இரண்டாவது, கீழ்ப்படிதல், மூன்றாவது, காவல். ஒவ்வொன்றிற்கும் 100 ஆக, மொத்தம் 300 மதிப்பெண்கள். ஒவ்வொரு பகுதியிலும் 70 பெறாத நாய் தேறாது. மூன்றாம் பகுதியிலே எதிரியாக வேஷம் பூண்ட ஒருவர், தடித்த கவசக் கை அணிந்து மறைவிடத்தில் நிற்பார். நாய் அவரைத் தேடிக் கண்டு, கடியாமல், குரைத்தே காத்து நிற்றல் வேண்டும். அவர் ஓட முயன்றாலோ தாக்கினாலோ மட்டும் கவசத்தைப் பற்றலாம். எஜமானன் விடு என்றவுடன் விட்டுவிடல் வேண்டும். விடாத நாய், எத்துணை வீரமாய்ப் பற்றியதாயினும் தோல்வியே அடையும்.

அன்பர்கள் இதனைக் கூர்ந்து நோக்குவார்களாக. கடிப்பதைக் கற்பிக்கும் பரீக்ஷை என்று பிறர் நினைக்க, அடங்குவதையே அது முதன்மையாகச் சோதிக்கின்றது. அஞ்சிய நாயும் சினமுற்ற நாயும் சொற்கேளா. மனத்திண்மையுடைய நாயே பற்றவும் அறியும், விடவும் அறியும்.

அத்திண்மை எங்ஙனம் உண்டாகும்? முற்காலத்துப் பயிற்சியில் கடுமை மிகுந்திருந்தது. போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் என்பவர் 1910-ல் வெளியிட்ட நூல், பயிற்சியை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தது. செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பாலேயே நாய் கற்கிறதென்று அவர் கண்டது பெரிது. எனினும் அவர் முறையில் வற்புறுத்தலுக்கும் தண்டனைக்கும் இடம் அதிகம். பின்வந்த ஆராய்ச்சி குட்டிப் பருவத்தின் அருமையைப் புலப்படுத்திற்று. அமெரிக்க தேசத்துப் பார் ஹார்பர் ஆராய்ச்சிசாலையைச் சார்ந்த ஸ்காட், புல்லர் என்னும் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூலில், ஏறக்குறைய 3-வது வாரம் முதல் 12-வது வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உறவு பழகும் பருவம் என நிறுவினர். அதற்குமுன் 1961-ல் வெளியான ஒரு சோதனையில், 14 வாரம் வரை மனிதர் கைப்படாமல் வளர்ந்த குட்டிகள் மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கின.

ஆகவே இக்காலத்து ஆசிரியர்கள் குட்டிக்குச் சினத்தைக் கற்பிப்பதில்லை. பலவகை மனிதரையும், குழந்தைகளையும், வீதியின் இரைச்சலையும், வழுக்கும் தரையையும், படிக்கட்டையும் அச்சமின்றி அறிமுகப்படுத்துகின்றனர். கந்தைத் துணியொன்றை ஆட்டிக் காட்டிப் பற்றச்செய்து, இழுத்து விளையாடி, முடிவில் குட்டியே வெல்லும்படி விட்டுக்கொடுக்கின்றனர். ஏறக்குறைய நான்காம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கும்போது வாய் நோகுமாதலின் அவ்விளையாட்டை நிறுத்திவைக்கின்றனர். காலடித் தடங்களில் சிறு உணவுத்துண்டுகளை வைத்து மோப்பத்தைப் பழக்குகின்றனர். எலும்பு முற்றுமுன் உயரத் தாண்டச் செய்வதில்லை. 18 மாதம் நிறையாத நாய்க்குப் பரீக்ஷையின் முதற்படியிலும் இடமில்லை.

இச்சரித்திரத்தில் இருள் சூழ்ந்த பக்கமும் உண்டு. 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், யுத்தத்திற் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கிற்று. மேய்ப்பு நாய்கள் அங்கே குருடருக்குக் கண்ணாயின. ஒரு தலைமுறை கழிவதற்குள், ஹிட்லர் ஆட்சியின் சிறைமுகாம்களில் அதே ஜாதி நாய்கள் நிரபராதிகள்மேல் ஏவப்பட்டன. ஸ்டெபானிட்ஸ் 1935-ல் சங்கத் தலைமையினின்று நீங்கி, 1936-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி காலமானார். நாயின் பிறப்பு ஒன்றே, பல்லும் ஒன்றே. வேறுபட்டது கயிற்றைப் பிடித்த கையாகும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் நம் முதுமொழி நாய்க்கும் பொருந்தும். காவலுக்கென ஒரு குட்டியை இல்லத்தில் ஏற்கும் அன்பர்கள், அதனைச் சங்கிலிக்கும் இருட்டுக்கும் ஒப்புவியாது, முதல் மூன்று மாதங்களில் வீட்டாரோடும் விருந்தினரோடும் பழக விடுவார்களாக. அடியினால் வளர்ந்த நாய் ஒருநாள் வீட்டுப் பிள்ளையையே கடிக்கக்கூடும். அன்பினாலும் ஒழுங்கினாலும் வளர்ந்த நாயோ, காக்கவேண்டிய வேளையிற் காத்து, விடவேண்டிய வேளையில் விடும். அதுவே மெய்க்காவல்.