இடிபாடும் மெய்ப்பிக்கும் சுமையும்: பாதுகாப்பற்ற இடங்களில் காயமுற்றோரின் உரிமை இந்தியாவில் வளர்ந்த விதம்

பிறருடைய கட்டடத்திலோ நிலத்திலோ ஒருவர் காயப்பட்டு வழக்குத் தொடுத்தால் நீதிமன்றத்தின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவர் எந்த உரிமையில் அங்கே போனார் என்பது ஒன்று. அங்கிருந்த ஆபத்து எப்படி உண்டானது என்று விளக்க வேண்டியவர் யார் என்பது மற்றொன்று. இங்கிலாந்துச் சட்டம் நூறாண்டுக்கு மேல் முதல் கேள்வியிலேயே உழன்றது. இந்தியாவில் காயமுற்றோரின் உரிமை குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறியது, இரண்டாவது கேள்வியை உச்ச நீதிமன்றம் நேராகக் கேட்டபோதுதான். அந்தக் கேள்வி கைநழுவியபோது உரிமையும் சுருங்கியது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சர்க்கரை ஆலைக்கு எரிவாயுக் கருவியைச் சோதிக்க வந்த தொழிலாளி, சர்க்கரையை ஏற்றி இறக்குவதற்காகத் தரையில் விடப்பட்டிருந்த தடுப்பில்லாத திறப்பின் வழியே விழுந்தார். 1866இல் அந்த வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி வில்ஸ், தொழில் நிமித்தம் வருபவரை வழக்கத்துக்கு மாறான ஆபத்திலிருந்து காப்பது உடைமையாளரின் கடமை என்றார். தொழிலாளிக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பிலிருந்தே வருவோரைத் தரம் பிரிக்கும் பழக்கம் இறுகியது. தொழில் நிமித்தம் வந்தவருக்கு அதிகக் காப்பு, இசைவோடு வந்தவருக்குக் குறைந்த காப்பு, அத்துமீறி நுழைந்தவருக்கு ஏறக்குறைய எதுவுமில்லை. 1929இல் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் சக்கரத்தில் சிக்கி நான்கு வயதுச் சிறுவன் இறந்தபோது, அவன் அத்துமீறி நுழைந்தவன் என்று சொல்லிப் பிரபுக்கள் சபை நிறுவனத்தை விடுவித்தது. முதல் இரண்டு தரங்களையும் 1957ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றாக்கியது. உடைந்த வேலி வழியே போய் மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் கருகிய ஆறு வயதுச் சிறுவனுக்காக 1972இல் பிரபுக்கள் சபை தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. அத்துமீறி நுழைந்தவருக்கும் ஓரளவு காப்பு உண்டென்று 1984இல் தனிச் சட்டமே வந்தது.

இந்தியாவில் இந்தத் தரம் பிரிப்பு ஆழமாக வேரூன்றவில்லை. ஆனால் வேறொரு தடை இங்கே இருந்தது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் கனமழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையும் பாலங்களும் சேதமாயின. ஆபத்தானதைத் தன் நிலத்தில் தேக்கி வைத்தவர், தவறு செய்தாரோ இல்லையோ, அது வெளியேறினால் பொறுப்பாவார் என்ற ஆங்கில விதியைக் கம்பெனி துணைக்கு அழைத்தது. 1874இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. ஏரி ஜமீன்தார் தன் ஆதாயத்துக்காக வெட்டிக்கொண்டதல்ல, உழவுக்கு உயிரானது, அதைக் காப்பது அவருடைய கடமையும்கூட என்பது அதன் காரணம். ஏரிகளைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஆனால் கவனக்குறைவை வாதியே மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது. வழக்கில் பிரதிவாதி ஜமீன்தாராக இல்லாமல் நகராட்சியாகவும், வாதி ரயில்வே கம்பெனியாக இல்லாமல் ஒரு விதவையாகவும் இருந்தால் அந்தச் சுமையின் பொருளே வேறு. இதைச் சட்டமியற்றிச் சீர்செய்யும் வாய்ப்பும் வந்தது. இந்திய அரசுக்காக பிரெடரிக் பொல்லாக் 1886இல் உரிமையியல் தீங்குகளுக்கான மசோதா ஒன்றை வரைந்து கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. உயிரிழப்புக்குக் குடும்பத்தார் இழப்பீடு கேட்க 1855ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. மற்றவற்றைத் தீர்ப்புகளிலிருந்தே பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த தீர்ப்புகளில் முதலில் குறிப்பிட வேண்டியது 1963ஆம் ஆண்டின் பீகார் வழக்கு. தன் கழிவறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவதைத் தடுக்க ஒருவர் வழியில் உறையில்லாத மின்கம்பியைக் கட்டிவைத்தார். எச்சரிக்கை எதுவும் இல்லை. தன் வீட்டுக் கழிவறைச் சுவர் இடிந்துபோனதால் அங்கே சென்ற பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் காப்பை இழந்துவிடுவதில்லை என்று, சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார் எழுதினார். இங்கிலாந்து மனம் மாறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இந்தியா மாறிவிட்டது என்று இதைக் கொண்டாடத் தோன்றும். அது மிகை. அத்துமீறுபவருக்கு வேண்டுமென்றே பொறி வைக்கக்கூடாது என்பதை இங்கிலாந்து 1828லேயே ஒப்புக்கொண்டிருந்தது. மேலும் இது குற்றவியல் வழக்கு. இழப்பீடு பற்றிய கேள்வியே இதில் எழவில்லை.

திருப்பம் 1966ஆம் ஆண்டின் தீர்ப்பில் வந்தது. டெல்லி சாந்தினி சௌக்கில், நகர மன்றத்துக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் மாண்டனர். அவர்களில் மூவரின் குடும்பத்தார் மாநகராட்சிமீது தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பொறியாளர் அளித்த சாட்சியம் படிக்கத் தக்கது. கட்டடத்துக்கு எண்பது வயது. அதில் பூசிய சாந்தின் தன்மையைப் பார்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள்தான் அது நிற்க வேண்டும். இடிபாட்டில் கிடந்த சாந்து பிடிமானமே இல்லாமல் பொடியாகிப் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை என்பது மாநகராட்சியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடிந்து விழுந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது, இல்லையென்று விளக்க வேண்டியவர் கட்டடத்தை வைத்திருப்பவர், கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் பொதுச் சாலையோரக் கட்டடத்தின் உரிமையாளரே பொறுப்பு என்றது. கடைத்தெருவில் நடந்து போன ஒருவருக்கு மணிக்கூண்டின் சாந்தைப் பற்றி என்ன தெரியும்? ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்க்கும் அதிகாரமும் ஆட்களும் மாநகராட்சியிடம்தான் இருந்தன. அறியக்கூடிய நிலையில் இருப்பவரே பதில் சொல்லட்டும் என்ற இந்த நியாயம்தான் இந்தியாவில் காயமுற்றோர் பெற்ற மிகப் பெரிய உரிமை. அது சாலையில் சென்றவருக்குத் தரப்பட்டது, கட்டடத்துக்குள் இருந்தவருக்கு அல்ல என்ற வரம்பையும் மறைக்க வேண்டியதில்லை.

சாலையில் சென்றவருக்கே அது நிலைக்கவில்லை. 1975இல் ராஜ்கோட்டில் ரயிலிறங்கி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த ஓர் எழுத்தர்மீது சாலையோர மரம் விழுந்தது, அவர் இறந்தார். அவருடைய மனைவிக்குக் கீழ் நீதிமன்றங்கள் வழங்கிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1997இல் மறுத்தது. மணிக்கூண்டு மனிதர் கட்டியது, அதற்கு ஆயுள் உண்டு. மரம் இயற்கையாக வளர்வது, அதன் உள்நோயை மாநகராட்சி கண்டுபிடிக்க வேண்டுமென எதிர்பார்க்க முடியாது என்று இரண்டையும் வேறுபடுத்தியது. இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லா மரங்களையும் வெட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது அந்த மரத்தைப் பார்த்தீர்கள், யார் பார்த்தார்கள், என்ன எழுதிவைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு மாநகராட்சி பதில் சொல்லியிருந்தாலே போதும். முறையாகப் பார்த்தும் தெரியவில்லை என்றால் விடுவிப்பதில் தவறில்லை. 1966இல் கேட்ட கேள்வியை 1997இல் கேட்காமலே விட்டதுதான் பிழை.

அதே 1997ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். அன்று காலை தீப்பற்றி, அரைகுறையாகப் பழுதுபார்க்கப்பட்ட கீழ்த்தள மின்மாற்றி பிற்பகல் காட்சி வேளையில் மறுபடி எரிந்தது. புகை பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் இருக்கைகளுக்காகப் பாதை குறுக்கப்பட்டிருந்தது. வலப்பக்க வெளிவழி அடைபட்டிருந்தது. குடும்பத்தார் உரிமையியல் வழக்குப் போடாமல், வாழ்வுரிமை மீறப்பட்டதென்று நேரே உயர் நீதிமன்றத்தை நாடினர். 2003இல் உயர் நீதிமன்றம், இருபது வயதுக்கு மேற்பட்டோருக்கு 18 லட்சம், அதற்குக் கீழானோருக்கு 15 லட்சம் ரூபாய் என விதித்து, பொறுப்பில் 55 விழுக்காட்டைத் திரையரங்க உரிமையாளர்மீதும், மீதியை மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய காவல்துறை ஆகிய மூன்றின்மீதும் சமமாகவும் சுமத்தியது. 2011இல் உச்ச நீதிமன்றம் தொகையை 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. மாநகராட்சியையும் காவல்துறையையும் முற்றாக விடுவித்தது. தீய நோக்கமில்லாமல் கடமையில் தவறியதற்கெல்லாம் உரிமம் வழங்கும் அமைப்புகளைப் பொறுப்பாக்கினால் பொதுப்பணம் தாங்காது என்பது அதன் கவலை.

அந்தக் கவலை பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் சோதனை செய்யாமல் உரிமத்தைப் புதுப்பித்த செலவு அதனால் மறைந்துவிடுவதில்லை. பால்கனியில் இருந்தவர்களின் குடும்பங்கள்மேல் அது இறங்குகிறது. இங்கிலாந்தைப்போல் இந்தியாவுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்றால் எழும் இன்னொரு மறுப்பு, அரசியலமைப்பு வழியே போதும், அது எதற்கு என்பது. உப்ஹார் குடும்பங்கள் ஒன்றுதிரண்டு சங்கம் அமைத்ததால் பதினான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. வணிக வளாகத்தின் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவருக்குச் சங்கம் ஏது? பணம் கொடுத்து நுழைந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வதோதரா சுர்சாகர் ஏரியில் 20 பேர் ஏற வேண்டிய படகில் 38 பேரை ஏற்றிக் கவிழ்த்த 1993ஆம் ஆண்டு விபத்தில், ஒப்பந்ததாரரைக் கைகாட்டிய மாநகராட்சியை 2014இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது அந்த வழியில்தான். பணம் கொடுக்காமல் வந்த விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை.

சட்டம் வந்தால் சிறு வீட்டுக்காரர்கள் நசிந்துபோவார்கள் என்ற அச்சத்துக்கு இங்கிலாந்தின் அனுபவமே விடை தருகிறது. 1957ஆம் ஆண்டின் சட்டம் கேட்பது அந்தந்தச் சூழலுக்குத் தக்க கவனத்தைத்தான். ஆழமற்ற ஏரியில் தானே தலைகீழாகப் பாய்ந்து முடமான இளைஞரின் கோரிக்கையைப் பிரபுக்கள் சபை 2003இல் தள்ளுபடி செய்தது. சட்டம் உடைமையாளரை எல்லா விபத்துக்கும் ஈடுகட்டுபவராக்கவில்லை.

இந்தியாவில் அப்படியொரு சட்டம் எழுதப்படுமானால் அதன் முதற்பிரிவு வந்தவரின் தரத்தைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. இடத்தைத் தன் பிடியில் வைத்திருப்பவர் சோதனைப் பதிவேட்டை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கவனக்குறைவு என்றே கொள்ளப்படும் என்று அது சொன்னால் போதும். உரிமம் தந்த அமைப்புக்கும் இதே விதி பொருந்த வேண்டும். இதற்குப் புதுக் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்த செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 106ஆம் பிரிவில் சொன்னது. அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட சட்டமும் 109ஆம் பிரிவில் அதையே சொல்கிறது.