தட்டில் வட்டம் விழுந்தால் மருந்து ரெடியா? கிருமியைக் கொல்லும் உலோகச் சேர்மங்கள்... முழு விளக்கம்

லப்பைக்குடிக்காட்டில் ஒரு மெடிக்கலுக்குப் போய் தீக்காயத்துக்குக் களிம்பு கேளுங்க. பெரும்பாலும் கிடைப்பது சில்வர் சல்ஃபாடயசின். வெள்ளியும் சல்ஃபா மருந்தும் சேர்ந்த பொருள் இது. 1968-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்தினார். வயலில் பூஞ்சைக்கு அடிக்கிற காப்பர் ஆக்ஸிகுளோரைடும் பெரம்பலூர் விவசாயிகளுக்குப் புதுசு இல்லை. உலோகம் கிருமியைக் கொல்லும் என்பது நமக்குப் பழகிய விஷயம்தான்.

இப்போது ஏன் இந்த ஆராய்ச்சி?

பழைய ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் அடங்குவதில்லை. 2019-ல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் இதழ் மதிப்பிட்டது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

பிளஸ் டூ வேதியியலில் வரும் அணைவுச் சேர்மம் ஞாபகம் இருக்கா? நடுவில் உலோகம், சுற்றிலும் ஈனி. அதேதான். ஆல்டிஹைடையும் அமீனையும் எத்தனாலில் கொதிக்கவிட்டால் ‘ஷிஃப் பேஸ்’ என்ற ஈனி கிடைக்கும். அதில் செம்பு உப்பைச் சேர்த்தால் நிறம் மாறி வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, உலர்த்தி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் கல்லூரி ஆய்வகங்களில் சகஜமாக நடக்கும் வேலை இது.

சோதனை எப்படி?

பாக்டீரியா பூசிய அகர் தட்டில், சேர்மத்தில் நனைத்த 6 மி.மீ. காகித வில்லையை வைத்து, 37 டிகிரியில் ஒரு இரவு விடுவார்கள். கிருமி செத்த இடம் தெளிவான வட்டமாகத் தெரியும். பக்கத்திலேயே வெறும் கரைப்பான் தடவிய வில்லையும், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி தெரிந்த மருந்தும் இருக்கணும். இல்லாவிட்டால் கொன்றது சேர்மமா, கரைப்பானா என்றே சொல்ல முடியாது.

வட்டம் பெருசா இருந்தால் மருந்து வீரியமா?

அவசியமில்லை, இங்கேதான் பல செய்திகள் சறுக்குகின்றன. அகரில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வட்டம் போடும். பரவாதது வீரியமாக இருந்தும் சின்ன வட்டத்தோடு நின்றுவிடும். அதனால் கிருமி வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவு, அதாவது எம்.ஐ.சி., எவ்வளவு என்று பார்க்கணும். அதைவிட முக்கியம், அதே அளவு நம் செல்களையும் ரத்த அணுக்களையும் கொல்கிறதா என்பது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 906 உலோகச் சேர்மங்களில் 88 கிருமியைத் தடுத்தன, மனித செல்லையும் பாதிக்கவில்லை. அதாவது சுமார் 10 சதவீதம். உலோகம் இல்லாத சேர்மங்களில் இது 0.87 சதவீதம்தான். ஆனால் இந்த 88-ம் இன்னும் ஆய்வகக் கட்டம்தான். விலங்குகளிலும் மனிதர்களிலும் சோதித்து முடிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

கவனம்: ‘செம்பு கிருமியைக் கொல்லும்’ என்று மயில்துத்தத்தைப் புண்ணில் பூசுவதோ, கரைத்துக் குடிப்பதோ வேண்டாம். உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம் அது.