அலைவரிசை மாறும் கதை

ஹவாய்த் தீவுகளைக் கடல் பிரித்து வைத்திருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே இயக்க, நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் 1971ஆம் ஆண்டில் வானொலி அலையைத் துணைக்கொண்டனர். அலோகா வலை என்று அதற்குப் பெயர். இருவர் ஒரே வேளையில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும்; சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புக என்பதே அவர்கள் வகுத்த விதி. எளிய விதிதான், ஆயினும் ஈதர்நெட்டும் வை-ஃபையும் அதன் வழித்தோன்றல்களே.

பின்னாளில் வை-ஃபை எனப் பெயர்பெற்ற கம்பியில்லா வலைக்கு 1997இல் விதி வகுத்தவர்கள், ஒரு நிலையத்தை விட்டு மற்றொன்றுக்கு எப்பொழுது மாறுவது என்னும் முடிவைக் கருவியிடமே விட்டுவிட்டனர். மாணவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். மடிக்கணினியோடு ஒருவர் மாடியேறுகிறார். அருகே வலிய நிலையம் இருக்க, கணினியோ கீழ்த்தளத்து நிலையத்தையே பற்றிக்கொண்டு தடுமாறுகிறது. பழியோ, பாவம், நிலையத்தின்மேல் விழுகிறது! லினக்ஸ் கணினியாயின், டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்னும் நிரலின் பதிவேட்டை முதலிற் புரட்ட வேண்டும். எந்த நொடியில் எதை விட்டு எதைப் பற்றியது என்பது அதில் இருக்கும்.

2003இல் மற்றொரு விதி சேர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ராடாரின் துடிப்பு தென்பட்டால், நிலையம் புதிய அலைவரிசையை அறிவித்துவிட்டுப் பழையதைக் காலி செய்யும். அறிவிப்பைத் தவறவிட்ட கருவி, ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டுவார்போல் அங்கேயே சிறிது நேரம் காத்திருந்து, பின்னரே புதிதாய்த் தேடத் தொடங்குகிறது.