பழைய மேசியும் காவிரிச் சேறும்

டிராக்டருக்கெல்லாம் வரலாறா என்று சிரிக்காதீங்க மக்களே. பெரிய கோயிலைப் பத்தி எழுத நம்ம பதிவர்கள் பத்துப் பேர் இருக்காங்க. கல்லணையைப் பத்தி எழுத இருபது பேர். அந்த அணைத் தண்ணி பாயுற வயல்ல அறுபது வருஷத்துக்கும் மேலா உழுதுக்கிட்டிருக்கிற வண்டியைப் பத்தி எழுதத்தான் ஆளைக் காணோம். சரி, நாமளே எழுதிடுவோம்னு உட்கார்ந்துட்டேன்.

எனக்கு இதுல சொந்த அக்கறையும் உண்டு. மன்னார்குடி பக்கம் மச்சான் வீட்டுக் கொட்டகையில ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் 35 ரொம்ப வருஷமா வைக்கோலுக்கு நடுவுல நின்னுச்சு. ஊர்ல எல்லாருக்கும் அது "மேசி". அதையும் அதோட கலப்பை, கேஜ் வீல், பரம்பு எல்லாத்தையும் ஓடுற நிலைக்குக் கொண்டுவர்றதுதான் ஒரு வருஷமா எங்க ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மத்தவங்க கிரிக்கெட் பார்க்கிற நேரத்துல நாங்க துரு சுரண்டுறோம் :-)

இந்த வண்டியோட பூர்வீகம் அயர்லாந்து. ஹாரி ஃபெர்குசன் என்று ஒரு ஆள், 1884-ல் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டின விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தப்போ, டிராக்டர் உழவை மேம்படுத்தச் சொல்லி அரசு இவரிடம் கேட்டது. அப்போதைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்கும், நம்ம மாடு மாதிரி. கலப்பை பாறையில் மாட்டினால் பின்சக்கரம் நிற்கும், எஞ்சின் நிற்காது. வண்டியோட மூக்கு வானத்தைப் பார்த்துக் கிளம்பி, அப்படியே பின்னால் புரண்டு டிரைவர் மேலேயே விழும். நிறைய பேர் செத்திருக்காங்க.

ஃபெர்குசன் கண்டுபிடிச்ச தீர்வுதான் மூன்று முனை இணைப்பு. கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை வண்டியோட உடம்பாவே ஆகிடும். கலப்பை எங்கேயாவது மாட்டினால் மேல் கை முன்பக்கமாத் தள்ளி, மூக்கை எழும்ப விடாமல் அழுத்திப் பிடிக்கும். மண் இறுகினால் ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், இளகினால் இறக்கும். இன்னிக்கு எந்தக் கம்பெனி டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் இருக்கிறது இந்த ஏற்பாட்டோட வாரிசுதான்.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் இவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டாங்க. காகிதம் கிடையாது, வெறும் கைகுலுக்கல். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து, வழக்காகி, 1952-ல் 92.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார். அதற்குள் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1946 முதல் டி.இ.20 என்ற சாம்பல் நிற வண்டி வர ஆரம்பித்துவிட்டது. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ல் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இதே வண்டியில், சக்கரத்தைச் சுத்தி இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு. பனிக்கு இரும்புப் பட்டை. நம்ம சேத்துக்கு என்ன மாட்டினோம்கிறதுக்குப் பின்னால வர்றேன்.

ஃபெர்குசன் 1953-ல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோட சேர்ந்தார். 1956-ல் 35 மாடல் வந்தது. 1960-ல் நம்ம சென்னையில், சிம்ப்சன் குழுமமான அமால்கமேஷன்ஸ், மாஸி ஃபெர்குசனோட கூட்டு வச்சு டாஃபே கம்பெனியை ஆரம்பித்தது. செம்பியத்தில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 35-ஐ 1964-லேயே நிறுத்திட்டாங்க, கவென்ட்ரி தொழிற்சாலையே இப்போ இல்லை. ஆனா செம்பியத்துச் சிவப்பு வண்டியில அந்த வம்சம் தலைமுறை தாண்டி ஓடினது. பேர் யாருக்குச் சொந்தம்னு டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஆக்கோவுக்கும் நடந்த வழக்குகூட 2025-ல் சமரசமாகி, இந்தியாவில் மாஸி ஃபெர்குசன் என்ற பேரே டாஃபேவுக்கு வந்துவிட்டது. அயர்லாந்துக்காரர் பேர் செம்பியத்துக்குச் சொந்தம்!

எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம். வம்சம் அறுபடாததால் கிளட்ச் பிளேட், ஆயில் சீல், ஃபில்டர் எல்லாம் கும்பகோணத்துக் கடையில கேட்டாக் கிடைக்குது. வெளிநாட்டில் பழைய வண்டி வச்சிருக்கிறவங்க இதைக் கேட்டால் பொறாமைப்படுவாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1951-ல் இந்தியா முழுக்கவே இருந்த டிராக்டர்கள் ஒன்பதாயிரத்துக்கும் கீழே. அதிலும் பெரும்பாலானது காய்ந்த மண்ணுக்கு, காடு திருத்துறதுக்கு. தஞ்சாவூருக்கு எதுக்கு டிராக்டர்? இங்கே சேற்றுழவு. தண்ணி கட்டி, தழை போட்டு மிதிச்சு, மோர் மாதிரி கலக்கணும். அதுக்குன்னே பழகின உம்பளச்சேரி மாடு இருந்தது. குள்ளமா, கெட்டியா, சேத்துல காலை உருவி உருவி வைக்கிற சாதி. கொம்பைத் தீய்ச்சு விட்டதால "மொட்டை மாடு"ன்னும் சொல்வாங்க.

அவசரம் எங்கிருந்து வந்துச்சுன்னா, ரெண்டு போகத்துக்கு நடுவுல இருந்து. மேட்டூர் 1934-ல் வந்தது. ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை. 1960-ல் இந்தியாவிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. பேக்கேஜ் திட்டம்னு நம்ம தாத்தாக்கள் சொன்னது அதுதான். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறையில் இருந்து ஏ.டி.டி.27 வந்தது. குறுகிய காலக் குறுவை நெல். அதை அறுத்த கையோட தாளடி நடணும், வடகிழக்குப் பருவமழை முழுசா இறங்குறதுக்குள்ள. அறுப்பு, உழவு, நடவு மூணும் சில வாரத்துல முட்டி மோதும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வேலின்னா 20 மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு ஜோடி மாடு நாளைக்குச் சுமாரா ஒன்றரை மா உழும். ஒரு வேலியை ஒரு சால் உழவே பதிமூணு, பதினாலு ஏர் வேணும், அதுவும் ஒரு நாள் முழுக்க. மேசி மணிக்குச் சுமாரா மூணு மா சேறடிச்சுடும். காலையில இறங்கினா சாயந்திரத்துக்குள்ள ஒரு வேலி.

ஆனா வண்டி அப்படியே வந்து சேத்துல இறங்கிடலை. ரப்பர் டயர் சேத்துல சும்மா சுத்தும், வண்டி அச்சு வரைக்கும் புதையும். ஃபெர்குசனோட அந்தத் தானியங்கி ஹைட்ராலிக்கும் இங்கே கைவிட்டுடும். மண்ணோட எதிர்ப்பை வச்சுத்தானே அது வேலை செய்யுது? சேத்துக்கு ஏது எதிர்ப்பு? கலப்பை இறங்கிக்கிட்டே போகும். நல்லவேளையா 35-ல் கலப்பையை ஒரே உயரத்துல நிறுத்தி வைக்கத் தனி லிவர் உண்டு. நம்ம டிரைவர்கள் சேத்துல அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

டயருக்குப் பதில் வந்தது கேஜ் வீல். கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம், குறுக்கே வரிசையாப் பட்டை. முழுசா டயருக்குப் பதிலா மாட்டுறது ஒண்ணு, டயருக்குப் பக்கத்துல அரைக் கூண்டா மாட்டுறது இன்னொண்ணு. மிதக்கவும் செய்யும், சேத்தைக் கலக்கவும் செய்யும். பாதி உழவைச் சக்கரமே பண்ணிடும். இதுல கம்பெனி வண்டியைவிட மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து வெல்டிங் பட்டறைகளுக்குத்தான் பங்கு ஜாஸ்திம்பேன். எங்க வண்டியோட கேஜ் வீல்ல கம்பெனி முத்திரை எதுவும் கிடையாது. பட்டைக்குப் பட்டை இடைவெளி வேற வேற. ஒரு பக்கம் லாரியோட பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கு. யாரோ ஒரு ஆசாரி எங்க ஊர் மண்ணைப் பார்த்து முடிவு பண்ணின இடைவெளி அது.

கேஜ் வீலால் ரெண்டு தொல்லையும் வந்தது. ஒண்ணு, தார் ரோட்டைக் கீறிக் கிழிச்சுடும். அதை மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டினா நடவடிக்கைன்னு டெல்டா மாவட்டங்கள்ல எச்சரிக்கை வர்றது சகஜம். இன்னொண்ணு உயிர் ஆபத்து. உளையில மாட்டின வண்டியை வெளியே எடுக்கச் சக்கரத்துல குறுக்கே ஒரு கட்டையைக் கட்டிக் கிளட்சை விடுவாங்க. கட்டை பிடிச்சுக்கிட்டு சக்கரம் சுத்தலைன்னா வண்டி சுத்தும். மூக்கு எழும்பிப் பின்னால புரளும். ஃபெர்குசன் எந்தச் சாவைத் தடுக்கக் கிளம்பினாரோ, அதே சாவு நம்ம சேத்துல வேற வழியா வந்து நின்னுச்சு.

(யாழ்ப்பாணத்து நண்பர்கள் டிராக்டரை "உழவு இயந்திரம்" என்பார்கள். அங்கேயும் மாஸி 35-க்குப் பெரிய மரியாதை. நாமதான் நல்ல தமிழ்ப் பேர் இருந்தும் டிராக்டர், டேக்டர், டிராட்டர்னு உழண்டுக்கிட்டிருக்கோம்.)

இந்த வண்டி வந்த காலத்தை மறந்துட்டு வெறும் இரும்பைப் பத்தியே பேச எனக்கு இஷ்டமில்லை. 1952-ல் தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையா ஒரே பண்ணையில கட்டுண்டு ஏர் ஓட்டினவங்க தினக்கூலிகளா மாறின காலம். கூலி நெல்லுக்காகச் சங்கம், மிராசுதார்கள் பக்கம் எதிர்ச் சங்கம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி, 44 உயிர். அடுத்த வருஷமே நியாயக் கூலிச் சட்டம். டிராக்டரால்தான் இது நடந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஆனா கூலி கேட்கிறவனுக்கு எதிரே கூலி கேட்காத ஒரு வண்டி வந்து நின்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பக்கமும் புரிஞ்சிருக்கும். பதிமூணு ஏரை ஒரு வண்டி அடிச்சுடும்னு மேலே போட்டேனே கணக்கு, அதுல பதிமூணு ஆளும் இருக்காங்க.

எங்க ஊர்ல அந்தக் காலத்துல ஏர் ஓட்டின பெரியவர் ஒருத்தர் கொட்டகைப் பக்கம் அப்பப்போ வருவார். மச்சான் அவரை "வாங்க தாத்தா"ன்னு கூப்பிட்டு உட்கார வைப்பான். வண்டியைத் தொட்டதே இல்லை. முதல் தடவை இந்த வண்டி ஊருக்குள்ள வந்த அன்னிக்கு, விடிகாலையில வயலுக்கு வந்த ஏரெல்லாம் மத்தியானமே திரும்பிப் போயிடுச்சுன்னு சொன்னார். கோபமாச் சொல்லலை. மழை பெஞ்சதைச் சொல்ற மாதிரி சொன்னார். அப்புறம் கேஜ் வீலைப் பார்த்து, இதாலதான் வயலெல்லாம் ஆழம் போச்சுன்னார். அது நிஜம். மாட்டுக் குளம்பு அமுக்கின அடிமண் தளம் இரும்புச் சக்கரத்துல உடைஞ்சு பல வயல்ல இடுப்பளவு உளையாயிடுச்சு.

வேலை எப்படிப் போகுதுன்னு கேட்பீங்க. எஞ்சின் மூணு சிலிண்டர் டீசல், ஜாம் ஆகிக் கிடந்தது. நாசிலைக் கழட்டி டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊத்தி மூணு வாரம் விட்டோம். அப்புறம் ஃபிளைவீலைக் கம்பியால் முன்னும் பின்னும் நெம்பி நெம்பி, ஒரு நாள் அசைஞ்சது. அவசரப்பட்டு இழுத்து ஸ்டார்ட் பண்ணினா ரிங் உடையும், யாரும் செய்யாதீங்க. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் இந்த வண்டியில ஒரே ஆயில்தான். பின்னச்சு சீல் வழியாச் சேத்துத் தண்ணி உள்ளே போய், திறந்தப்போ ஆயிலுக்குப் பதிலா காபி வந்தது. ரெண்டு தடவை டீசல் விட்டுக் கழுவினோம். பிரேக் டிரம்முக்குள்ள இருந்து எடுத்த மண்ணுல ஒரு செடியே நடலாம். ஒன்பது கொழுக் கலப்பையில ஆறு கொழு தேஞ்சு கத்தி மாதிரி ஆகியிருந்தது.

எனக்கும் மச்சானுக்கும் சண்டை பெயிண்ட்ல. ஷோரூம்ல இருந்து இறங்கின மாதிரி இருக்கணும்கிறான் அவன். சிவப்புத் தகரம், சாம்பல் உடம்பு, ஸ்டிக்கர் உட்பட. வெளிநாட்டுச் சங்கங்களும் அப்படித்தான் மார்க் போடுமாம். சுரண்டினப்போ சிவப்புக்குக் கீழே நீலம், அதுக்குக் கீழே மறுபடி சிவப்பு. பின் கொக்கியில நாலு விதமான வெல்டிங். மட்கார்டுல குடைக்கம்பு சொருக ஒரு குழாய். இதையெல்லாம் அறுத்து எறிஞ்சுட்டா மிச்சம் இருக்கிறது செம்பியத்து வண்டி, எங்க ஊர் வண்டி இல்லை. கவென்ட்ரியில் செஞ்சதுக்கும் செம்பியத்தில் செஞ்சதுக்கும் படமும் புத்தகமும் இருக்கு. அந்த ஆசாரி வச்ச பட்டை இடைவெளிக்கு இந்தச் சக்கரத்தைத் தவிர வேற எழுத்து கிடையாது. இப்போதைக்கு ஒப்பந்தம்: தகரத்துக்கு மட்டும் பெயிண்ட். வெல்டிங், குடைக்குழாய், கேஜ் வீல் மேல துருவெடுத்து எண்ணெய் மட்டும். மச்சான் அரைமனசாத்தான் ஒத்துக்கிட்டான்.

அடுத்து லிஃப்ட் மூடியைத் திறந்து பம்பைப் பார்க்கணும். டேஷ்போர்டுல எஞ்சின் வேகமும் மணிக்கணக்கும் காட்டுற டிராக்டர் மீட்டர் இல்லை, வெறும் வட்ட ஓட்டைதான் இருக்கு. அதுக்குள்ள ஒரு வெத்தலைப் பொட்டலக் காகிதமும் ரெண்டு பாக்கும் கிடைச்சுது. பழைய 35-ஓட மீட்டர் ஓடாட்டாலும் பரவாயில்லை, யார் வீட்டுக் கொட்டகையிலாவது கிடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. பஸ் பிடிச்சு வந்து வாங்கிக்கிறேன்.