நோயாளியின் இரகசியம்

கற்பிட்டிக் குடாநாட்டில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே அமைந்த ஊர்களுள் குறிஞ்சிப்பிட்டியும் ஒன்று. இத்தகைய கரையோர ஊர்களில் ஒரு வீட்டின் நன்மையும் தீமையும் ஊரார் அனைவருக்கும் உரியவை. கரைவலையை இழுக்கக் கைகள் பல சேர்வதுபோலத் துயரிலே தாங்கவும் பல கைகள் முன்வரும். ஆயினும், ஒருவருக்கு வந்த நோயின் பெயர் ஊர்வாயில் விழுந்துவிட்டால் தாங்கிய கைகளே விலகுவதும் உண்டு. அதற்கஞ்சி, அருகிலே வைத்தியசாலை இருக்க, தெரிந்த முகம் இல்லாத தூரத்து நகரை நாடும் நோயாளர் எந்நாட்டிலும் உளர். வைத்தியரிடம் சொன்ன சொல்லுக்குக் காவல் யார்? இவ்வினா மிகப் பழையது.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியிடலாகாது என்று விதித்தது. அது மனச்சாட்சிக்கு இட்ட கட்டளையேயன்றிச் சட்டமன்று. 1776 இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் கோமகளின் வழக்கிலே, அறுவை வைத்தியர் ஒருவர் இவ்வறத்தைச் சுட்டிச் சாட்சி கூறத் தயங்கினார். நீதிமன்றமோ அவரைச் சொல்லும்படியே பணித்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1828 இல், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் வைத்தியரை அவ்வாறு வற்புறுத்தலாகாது எனச் சட்டம் இயற்றிற்று. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியே சென்றன.

இலங்கைக்கு வந்தது இங்கிலாந்தின் வழியே. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம், கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் கூறியதற்குக் காப்பு அளித்தது. நோயாளி வைத்தியரிடம் கூறியதற்கு அத்தகைய காப்பை அளிக்கவில்லை. 1901 இல் வந்த கட்டளைச்சட்டமோ தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வழி செய்தது. கற்பிட்டியிலே கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர், 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஒரு மனையை அமைத்திருந்தனர். அங்கே ஒருவர் கொண்டுசெல்லப்படுவதே அவர் நோயை ஊருக்குப் பறைசாற்றப் போதுமானது. பிரிக்கப்படுவோம் என்ற அச்சம் நோயை மறைக்கச் செய்யும்; மறைத்த நோய் முற்றும், வீட்டாரையும் பற்றும். இன்று கூட்டு மருந்தினால் முற்றாகக் குணமாகும் நோய் அது. ஆயினும் பழைய அச்சம் இன்னும் முழுதாக நீங்கவில்லை.

இவ்வச்சம் எத்தகைய கொடுமைக்கு இட்டுச்செல்லும் என்பதை 2016 இல் நாடு கண்டது. வடமேல் மாகாணத்திலே ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. அவன் குடும்பத்தில் எயிட்ஸ் நோய் உண்டு என்ற வதந்தியே அதற்குக் காரணம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கல்வி கற்கும் உரிமை அவனுக்கும் உண்டு என்பது அங்கே உறுதியாயிற்று. வேறொரு நகரத்துப் பாடசாலை அவனை ஏற்றுக்கொண்டது. அவன் பெயரையும் ஊரையும் இங்கே கூறாமல் விடுவதே முறை.

அதே ஆண்டில் பிறந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலக ஏடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. எனினும், ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை, அவர் எழுத்தில் சம்மதம் தந்தாலன்றி, வெளியிட மறுக்கலாம் என்று அது விலக்கு வைத்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மேலும் ஒருபடி சென்று, உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பாகக் காக்கப்படவேண்டிய வகையிலே சேர்த்தது. அதன் பிரிவுகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன.

அவ்வாறாயின் தொற்றுநோயையும் மறைக்கலாமோ என்று நேயர்கள் வினவக்கூடும். அறிவித்தல் வேறு, அம்பலப்படுத்தல் வேறு. காசநோயைக் கண்ட வைத்தியர் அதனைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது ஊரைக் காக்கும் கடமை. அதே செய்தியை மருந்துக்கு நிற்கும் வரிசையிலே உரத்துச் சொல்வது நோயாளியை விரட்டும் செயல். முன்னதைச் சட்டம் கேட்கிறது. பின்னதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

ஏட்டைச் சட்டம் காக்கலாம். நாவைக் காக்கவேண்டியவர்கள் வைத்தியர், தாதியர், எழுதுநர், அயலார் ஆகிய எல்லோருமே. தன் இரகசியம் காக்கப்படும் என்று நம்புகிறவனே நோய் முற்றுமுன் வைத்தியசாலைப் படியை மிதிப்பான்.